இலையில் முட்டையிடும் தவளையும் எமது மலைக்காடுகளும்

தவளை என்றதும் எமது நினைவுக்கு வருபவை குளமும் வயலும் மாரிகால இரவுகளுமே. தவளை நீரில் முட்டையிடும், முட்டையிலிருந்து வாற்பேய் வெளிவரும், வாற்பேய் வாலை இழந்து கால்களைப் பெற்றுத் தவளையாகும் என்று பாடசாலையில் கற்றிருக்கிறோம். பாடப்புத்தகத்தில் வட்டமாக வரையப்பட்டிருந்த அந்த வாழ்க்கைச் சக்கரத்தை எம்மில் பலர் இன்றும் மறந்திருக்கமாட்டோம். ஆயினும் நாம் வாழும் இத்தீவின் தவளை இனங்களில் அரைவாசிக்கும் மேற்பட்டவை அந்தச் சக்கரத்துக்குள் அடங்காதவை என்பதை நாம் அறிந்திருக்கிறோமா? அவை குளத்தை நாடுவதில்லை. அவற்றுக்கு நீந்தித் திரியும் வாற்பேய்ப் பருவமும் இல்லை. முட்டையை உடைத்துக்கொண்டு வெளிவரும்போதே அவை நான்கு கால்களுடன் கூடிய முழுமையான சிறு தவளைகளாக வெளிவருகின்றன.

மலையகத்தின் முகில் மூடிய காடுகளில் வாழும் இத்தகைய தவளை ஒன்றைப் பற்றியும், அதன் உறவினங்கள் பலவற்றுக்கு நேர்ந்த கதியைப் பற்றியும் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். விரல் நுனி அளவான ஓர் உயிரினத்துக்காக இத்தனை வரிகள் தேவையா என்று சிலர் வினவக்கூடும். அந்தச் சிறு உயிர் நிலைத்திருப்பதற்கு எவை இன்றியமையாதனவோ, அவையே இந்நாட்டின் ஆறுகளும் மலைச்சரிவுகளும் நிலைத்திருப்பதற்கும் இன்றியமையாதன என்பதே அதற்கு எமது பதிலாகும்.

இலங்கையில் ஏறத்தாழ 120 ஈரூடகவாழி இனங்கள் இதுவரை இனங்காணப்பட்டுள்ளன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு வரையிலானவை உலகில் வேறெங்கும் காணப்படாதவை. இவற்றுள் மிகப் பெரிய குழு சூடோஃபிலோட்டஸ் என்னும் சாதியைச் சேர்ந்த சிறு மரத்தவளைகளாகும். பற்றைகளிலும் செடிகளிலும் வாழ்வதால் இவற்றைப் பற்றைத் தவளைகள் என நாம் அழைக்கலாம். இச்சாதியில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் விபரிக்கப்பட்டுள்ளன. இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் ஒரு சில இனங்களைத் தவிர, மற்றையவை யாவும் இலங்கைக்கே உரித்தானவை. இவற்றின் மூதாதையர் ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவிலிருந்து இங்கு வந்து, இங்கேயே பல இனங்களாகப் பெருகினர் என்றும், பிற்காலத்தில் அவற்றின் ஒரு கிளை மீண்டும் இந்தியப் பெருநிலத்துக்குச் சென்றது என்றும் மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. இரு நிலங்களும் தரையால் இணைந்திருந்த காலங்கள் இருந்தன என்பதற்கு இத்தவளைகளின் உடலே சான்று பகர்கின்றது.

இக்குழுவைச் சேர்ந்த சூடோஃபிலோட்டஸ் ஃபெமொராலிஸ் என்னும் இனத்தை 1864ஆம் ஆண்டில் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த விலங்கியலாளர் அல்பேர்ட் குந்தர் விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்தார். நுவரெலியா, ஹக்கலை, ஹோட்டன் சமவெளி ஆகியவற்றை அண்டிய உயர்மலைக் காடுகளே இதன் உறைவிடம். மூன்று சென்ரிமீற்றர் அளவே உள்ள மெல்லிய உடல். முதுகு இளந்தளிரை ஒத்த பச்சை நிறமுடையது. பகலில் இலையோடு இலையாக ஒட்டிக் கிடக்கும் இதனைக் கண்டுபிடிப்பது அனுபவம் வாய்ந்த ஆய்வாளருக்கும் எளிதன்று. விரல் நுனிகளில் வட்டமான தட்டுப்போன்ற அமைப்புகள் உள்ளன. அவற்றின் துணையுடன் ஈரம் வழியும் இலையின் அடிப்புறத்திலும் இது வழுக்காது நடமாடுகின்றது. இருள் சூழ்ந்ததும் ஆண் தவளைகள் காட்டின் கீழ்த்தளத்துச் செடிகளில் அமர்ந்து, தொண்டைப் பையை ஊதிப் பெருக்கிக் குரலெழுப்பித் துணையை அழைக்கின்றன. தவளையும் தன் வாயால் கெடும் என்பது எமது பழமொழி. ஆனால், காட்டிருளில் அந்தக் குரல் இல்லாவிடின் இவ்வினங்களுள் பலவற்றை விஞ்ஞானிகள் அறிந்திருக்கவே மாட்டார்கள். தோற்றத்தில் ஒன்றுபோல் தெரியும் இனங்களை வேறுபடுத்தி அறிவதற்கும் குரலே துணைபுரிகின்றது.

இத்தவளையின் தனிச்சிறப்பு அதன் இனப்பெருக்க முறையிலேயே உள்ளது. எமது வீடுகளின் குளியலறைச் சுவர்களிலும் தண்ணீர்த் தொட்டியின் ஓரங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய மரத்தவளையை வாசகர்கள் கண்டிருப்பர். அதன் பெண், நீர்நிலைக்கு மேலாக உள்ள கிளையிலோ சுவரிலோ நுரைக்கூடு ஒன்றை அமைத்து அதற்குள் முட்டையிடும். முட்டை பொரித்ததும் வாற்பேய்கள் கீழேயுள்ள நீரில் விழுந்து வளரும். பற்றைத் தவளைகளோ நீருடனான இந்தக் கடைசித் தொடர்பையும் அறுத்துக்கொண்டவை. அவற்றுள் பெரும்பாலான இனங்களில், ஆணைத் தன் முதுகில் சுமந்தபடி பெண் தவளை செடியிலிருந்து காட்டுத் தரைக்கு இறங்கி, ஈரமண்ணில் சிறு குழி தோண்டி முட்டையிட்டு, முட்டைகளை மண்ணுடன் கலந்து மூடிவிடுகின்றது. முட்டையின் மேல் ஒட்டிக்கொள்ளும் மண் அதனை மறைக்கவும் ஈரத்தைத் தக்கவைக்கவும் உதவுகின்றது.

நாம் குறிப்பிடும் இனமோ தரைக்கு இறங்குவதுமில்லை. அது செடியிலேயே தங்கி, பச்சை இலையொன்றின் அடிப்புறத்தில் ஒட்டும் தன்மையுள்ள முட்டைகளை இடுகின்றது. அதனாலேயே ஆங்கிலத்தில் இதற்கு இலைக்கூட்டுத் தவளை என்று பொருள்படும் பெயர் வழங்குகின்றது. கண்ணாடி மணிபோன்ற ஒவ்வொரு முட்டைக்குள்ளும் குஞ்சுக்கு வேண்டிய உணவு முழுவதும் கருவூணாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. நீரில் மேய்ந்து வளரவேண்டிய பருவம் முட்டைக்குள்ளேயே கழிகின்றது. வால் அங்கேயே தோன்றி அங்கேயே சுருங்குகின்றது. சில வாரங்களின் பின் வெளிவரும் குஞ்சு, அரிசிமணியை நினைவூட்டும் சிறு உருவமேயாயினும் தாயின் வடிவத்தை ஒத்திருக்கிறது. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் இறைவன் என எமது முன்னோர் கூறிவந்தனர். முட்டைக்குள்ளேயே முழுப் பயணத்துக்குமான கட்டுச்சோறு வைக்கப்பட்டிருக்கும் இந்த ஏற்பாட்டைக் காணும்போது அக்கூற்று நினைவுக்கு வராமல் இருக்காது.

குளத்தை நம்பியிராமையால் இத்தவளைகளுக்குப் பெரும் நன்மை கிடைத்தது. நீர்நிலை இல்லாத மலைச்சரிவுகளிலும் பாறைகளிலும் மர உச்சிகளிலும் அவற்றால் வாழ முடிந்தது. இத்தனை இனங்களாகப் பெருகியமைக்கும் அதுவே முக்கிய காரணம் எனக் கருதப்படுகின்றது. ஒவ்வொரு மலைத்தொகுதியும் அதற்கேயுரிய தவளைகளைப் பெற்றது. இலையில் முட்டையிடும் இத்தவளை மத்திய மலைத்தொகுதிக்கு உரியது. அதன் நெருங்கிய உறவினங்களில் ஒன்று நக்கிள்ஸ் மலைத்தொடரிலும் இன்னொன்று தெற்கே ரக்குவானை மலைகளிலும் வாழ்கின்றன. இவற்றைப் பிரித்து வைத்திருப்பவை கடல்களோ பாலைவனங்களோ அல்ல. இடையில் உள்ள தாழ்ந்த, வெப்பம் கூடிய பள்ளத்தாக்குகளே. பேருந்தில் சில மணித்தியாலங்களில் நாம் கடந்து செல்லும் தூரம், குளிரும் ஈரமும் இன்றி வாழமுடியாத இச்சிறு உயிருக்குக் கடக்க முடியாத எல்லையாகியுள்ளது.

ஆனால், அந்த நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. நீரைத் துறந்த தவளை ஈரத்தைத் துறக்கவில்லை. இலையில் ஒட்டியிருக்கும் முட்டைக்கு ஓடு கிடையாது. காற்றில் உள்ள ஈரமே அதற்குக் குளம். பல வாரங்களுக்கு அந்த ஈரம் குன்றாமல் இருக்கவேண்டும். தவளையின் தோலும் அத்தகையதே. அது தோலினூடாகவும் சுவாசிக்கின்றது, தோலினூடாகவே நீரை உறிஞ்சுகின்றது. நீருடன் சேர்ந்து நஞ்சும் உட்புகும். மரங்களின் கவிகை மூடியிருக்கும்வரை, முகில் தவழ்ந்து செல்லும்வரை, பாசி படர்ந்த கிளைகளிலிருந்து துளிகள் சொட்டும்வரை இத்தவளைக்குக் குறையில்லை. கவிகை திறந்து வெயில் உள்ளே இறங்கினால், மரங்கள் சில எஞ்சியிருந்தாலும் அது தவளைக்குக் காடு அன்று.

இங்கேதான் வரலாறு குறுக்கிடுகின்றது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானதைத் தொடர்ந்து, சில பத்தாண்டுகளுக்குள் மத்திய மலைநாட்டின் காடுகள் கோப்பித் தோட்டங்களுக்காகப் பெருமளவில் வெட்டி எரிக்கப்பட்டன. 1869இல் கோப்பியை இலைத்துரு நோய் தாக்கியது. கோப்பி அழிந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. காட்டின் எல்லை மேலும் மேலும் மலையுச்சியை நோக்கிப் பின்வாங்கியது. காட்டை அழிக்கக் கட்டளையிட்டவர்களும் அதனால் பொருளீட்டியவர்களும் வேறு. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தவர்கள் போக எஞ்சி, கோடரியையும் மண்வெட்டியையும் ஏந்தியவர்கள் வேறு. அந்த உழைப்பாளரின் வழித்தோன்றல்கள் இன்றும் லயன் அறைகளில் காணியுரிமைக்காகக் காத்திருக்கும் நிலையில், காடழிந்தமைக்கான பழியை அவர்கள் மீது சுமத்துவது அநீதியாகும். 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைக்கமைய 5000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடவேண்டும் என அரசு பணித்தது. இன்று ஹோட்டன் சமவெளியில் காடு எஞ்சியிருப்பதற்கு அந்த முடிவு ஒரு காரணமாகும்.

அழிந்த காடுகளுடன் எவை அழிந்தன என்பதை அறிய நூறாண்டுக்கும் மேலாயிற்று. 1990களின் தொடக்கத்திலிருந்து றொஹான் பெதியாகொட, கெலும் மனமேந்திர ஆரச்சி, மாதவ மீகஸ்கும்புற முதலிய ஆய்வாளர்கள் நாடெங்கும் இரவிரவாகக் காடுகளில் தவளைகளைத் தேடினர். 2002இல் வெளியான அவர்களது ஆய்வு, இச்சிறு தீவு உலகின் மிகமுக்கிய ஈரூடகவாழி நிலங்களில் ஒன்று என்பதை உலகறியச் செய்தது. 2005இல் ஒரே ஆய்வுநூலில் 27 புதிய பற்றைத் தவளை இனங்கள் விபரிக்கப்பட்டன. அது மகிழ்ச்சியான செய்தி. ஆனால், அதே ஆய்வாளர்கள் வெளிநாட்டு நூதனசாலைகளில் சாராயக் குப்பிகளுக்குள் நூறாண்டுக்கு மேலாக இருந்த இலங்கைத் தவளைகளை எடுத்து, தாம் காட்டில் கண்டவற்றுடன் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பல இனங்கள் குப்பியில் மட்டுமே எஞ்சியிருப்பதை உணர்ந்தனர். அவற்றில் ஒன்றுக்கு அவர்கள் இட்ட இலத்தீன் பெயர் எக்ஸ்ரேர்போ என்பதாகும். வேரோடு களைதல் என்பது அதன் பொருள். பெயர் சூட்டப்படும்போதே அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட உயிரினம் அது.

இன்னொன்று எமக்கு நன்கு பரிச்சயமான பெயரைத் தாங்கியது. 1940இல் விபரிக்கப்பட்ட அத்தவளைக்கு, அது பிடிக்கப்பட்ட இடத்தின் பெயரால் டிம்புலே எனப் பெயரிட்டனர். உலகச் சந்தையில் பெயர்பெற்ற தேயிலை விளையும் திம்புள்ளப் பகுதியே அது. திம்புள்ளத் தேயிலையை இன்றும் உலகம் அருந்துகின்றது. திம்புள்ளத் தவளையோ அற்றுப்போன இனங்களின் பட்டியலில் உள்ளது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் செம்பட்டியலில் இலங்கையின் பற்றைத் தவளைகளுள் பதினைந்துக்கும் மேற்பட்டவை அற்றுப்போனவையாகப் பதியப்பட்டுள்ளன. உலகில் அவ்வாறு பதியப்பட்ட ஈரூடகவாழிகளில் மூன்றிலொரு பங்குக்கும் அதிகமானவை இச்சிறு தீவுக்கு உரியவை என்பது எமக்குப் பெருமை தரும் செய்தியன்று. இலையில் முட்டையிடும் எமது தவளை இன்னும் உயிருடன் உள்ளது. ஆனால், அது ஆபத்துக்குள்ளான இனமாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளது.

நம்பிக்கை தரும் சம்பவங்களும் இல்லாமலில்லை. இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான கெலார்ட் 1853இல் விபரித்த, உடலெங்கும் விண்மீன் போன்ற புள்ளிகளைக் கொண்ட தவளை ஒன்று, அதன்பின் எவர் கண்ணிலும் படவில்லை. அற்றுப்போனதென்றே அறிவிக்கப்பட்டது. 2009இல் மெண்டிஸ் விக்கிரமசிங்கவும் அவரது குழுவினரும் சிவனொளிபாதமலைக் காட்டில் அதனை உயிருடன் கண்டனர். இந்துக்கள் சிவனொளிபாதம் என்றும் முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் பௌத்தர்கள் ஸ்ரீபாத என்றும் போற்றும் அந்த மலை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அத்தவளையையும் தன் மடியில் மறைத்து வைத்திருந்தது. அதே மலைக்காட்டிலிருந்துதான் கண்டித் தேரை எனப்படும் இன்னொரு இழந்த இனமும் மீண்டும் கண்டறியப்பட்டது. காடு இருந்தமையாலேயே அவை இருந்தன. காடு இல்லாத இடத்தில் தேடுவதற்கும் எதுவுமில்லை.

சிவனொளிபாதமலை, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகிய மூன்றும் 2010இல் உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஆயினும் பிரகடனத்தால் மட்டும் முகில் தங்கிவிடாது. ஹோட்டன் சமவெளியில் பெருமரங்கள் உச்சியிலிருந்து பட்டுப்போவது சில பத்தாண்டுகளாக அவதானிக்கப்பட்டு வருகின்றது. அதன் காரணம் பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. ஆனால் விளைவு தெளிவானது. மரம் பட்டால் கவிகை திறக்கும். கவிகை திறந்தால் இலையிலுள்ள முட்டை காயும். மலையோரங்களில் விரியும் மரக்கறிச் செய்கையும், அங்கு அளவின்றித் தெளிக்கப்படும் பீடைநாசினிகளும், வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய கோர்ஸ் முட்செடி போன்ற ஆக்கிரமிப்புத் தாவரங்களும் காட்டின் விளிம்பை அரித்து வருகின்றன. இவை அனைத்துக்கும் மேலாகப் புவி வெப்பமடைந்து வருகின்றது. வெப்பம் கூடும்போது தாழ்நிலத்து உயிரினம் மலையேறித் தப்பலாம். ஏற்கெனவே மலையுச்சியில் வாழும் உயிரினம் எங்கே ஏறுவது? இந்நாட்டின் அதியுயர் சிகரமான பீதுருதாலகாலை 2524 மீற்றரே. அதற்கு மேல் வானந்தான் உண்டு.

இது தவளையின் பிரச்சினை மட்டுமே என எண்ணிவிடலாகாது. முகிற்காடு மழையை மட்டும் வாங்குவதில்லை. தவழ்ந்து செல்லும் முகிலையே சீப்பால் வாருவதுபோல் இலைகளாலும் பாசிகளாலும் வாரி நீராக்கித் தரையில் இறக்குகின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் தலையூற்றுகள் ஹோட்டன் சமவெளியையும் அதனை அண்டிய மலைகளையும் சார்ந்துள்ளன. பொலன்னறுவையில் வயல் விதைக்கும் முஸ்லிம் விவசாயியும் திருகோணமலையில் மகாவலியின் கழிமுகத்தை அண்டி வாழும் தமிழ் விவசாயியும் அந்த நீரில் பங்காளிகள். வேர்கள் பற்றிப்பிடித்திருக்கும் மண் என்ன பெறுமதியுடையது என்பதை 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளியின்போது மலையகம் மிகக் கொடுமையான முறையில் உணர்ந்தது. நூற்றுக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட அவ்வனர்த்தத்தில் மண்சரிவுக்குள் புதையுண்டவர்களில் தோட்ட மக்கள் பலர். எல்லா மண்சரிவையும் காடு தடுத்துவிடும் எனக் கூறுவது மிகையாகும். ஆனால், காடு நீங்கிய செங்குத்தான சரிவு ஆபத்து மிக்கதென்பதை மறுப்பாரில்லை.

என்ன செய்யலாம்? பாதுகாக்கப்பட்ட காடுகளைப் பேணுவது அரசின் கடமை. அதேவேளை, தோட்டங்களுக்கிடையே இன்னும் எஞ்சியிருக்கும் சிறு காட்டுத் துண்டுகளும் ஓடைக்கரைகளும் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. பிரிந்துபோன காடுகளை இணைக்கும் பாலங்களாக அவை அமையக்கூடும். விறகுத் தேவைக்கு மாற்று வழி இல்லாதவரிடம் காட்டைத் தொடாதே என்று உபதேசிப்பதில் பயனில்லை. மாற்று வழியை ஏற்படுத்திக் கொடுப்பதற்குத் தோட்ட நிர்வாகங்களும் அரசும் முன்வரவேண்டும். யாத்திரைக் காலத்தில் மலையேறுவோர் பொலித்தீனைக் காட்டில் வீசாமல் திரும்புவதும், ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோர் பாதையை விட்டு விலகாமல் நடப்பதும் எவருக்கும் சிரமமானவையல்ல. தவளையை மருந்துக்குப் பயன்படுத்துவது பற்றி மருத்துவர் ஒருவர் வினவியபோது, அதனைக் கொல்ல வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹதீஸ் கூறுகின்றது. உயிர்களிடத்து அன்பு வேண்டும் என்பது தமிழ் மரபின் அடிப்படை அறம். இரு சமூகத்தவர்க்கும் இது புதிய பாடமன்று.

மற்றொரு குறையையும் இங்கு சுட்டிக்காட்டாமல் இருக்க முடியாது. எமது தவளைகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. சிங்களத்தில் இவற்றுக்குப் பெயர்கள் வழங்கிவருகின்றன. தமிழில் எமக்குத் தவளையும் தேரையும் உண்டு. எழுபதுக்கு மேற்பட்ட பற்றைத் தவளைகளில் ஒன்றுக்கேனும் மக்கள் வழக்கில் நிலைபெற்ற பெயர் உண்டா? தேயிலை மலைகளில் தலைமுறை தலைமுறையாக இத்தவளைகளின் குரலைக் கேட்டு உறங்கியவர்கள் தமிழ்பேசும் மக்களே. எனவே மலையகப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் வட்டமான அந்த வாழ்க்கைச் சக்கரத்தைக் கரும்பலகையில் வரைந்து முடித்ததும், எமது மலையில் வாழும் தவளை இந்த வட்டத்துக்குள் வராது என்ற ஒரு வசனத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டுமென வேண்டிக்கொள்கிறோம். அவ்வசனத்தைக் கேட்ட மாணவரில் ஒருவரேனும் மழை ஓய்ந்த இரவில் கைவிளக்குடன் வேலியோரத்து இலையைத் திருப்பிப் பார்ப்பாராயின், திம்புள்ளத் தவளைக்கு நேர்ந்த கதி இன்னொன்றுக்கு நேராமற் காப்பதற்கு அதுவே தொடக்கமாக அமையும்.